நல்ல குடிப் பொடியன்

சாத்தூர் வெயிலில் பிறந்து, அந்த வெயிலிலேயே வற்றல் போட்டு, பிள்ளை வளர்த்து, தலை நரைத்தவளை வேறு எந்த ஊர் வெயில் என்ன செய்துவிடும் என்ற தெனாவெட்டோடுதான் மட்டக்களப்பில் கால் வைத்தேன். பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் தெனாவெட்டு கரைந்து ரவிக்கையோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் வெயில் ஆளைக் காயப்போடும். இந்த ஊர் வெயில் இட்லி மாதிரி வேகவைக்கிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வாவி, நடுவில் நான். முகத்தைத் துடைத்தால் துடைத்த துண்டும் வியர்க்கிறது.

வாவி என்பது கடலோரமாகவே நீளமாகப் படுத்துக் கிடக்கும் உப்பங்கழி. அதற்குக் கிழக்கே, சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படுக்கிற பக்கம் படுவான்கரை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்படிப் பெயர் வைத்திருக்கிற ஊரில் எனக்கு மொழிச் சிக்கலே வராது என்று பூரித்துப் போனேன். அந்த நினைப்புதான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள் வித்யா மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கும் நிரோசனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். அவன் படுவான்கரைப் பையன், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். இரண்டு பேருக்கும் லீவு இல்லை. "நீ போய் அவங்க வீட்டைப் பார்த்துட்டு வாம்மா. நீ வேண்டாம்னு சொன்னா நான் விட்டுடறேன்," என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள். அதுதான் எனக்குப் பயம்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. கறுப்போ சிவப்போ, எந்த நாட்டுக்காரனோ, குடிக்கிறவனாக இருக்கக் கூடாது. வித்யாவின் அப்பா குடித்துத்தான் செத்தார். அவள் அப்போது சின்னப் பிள்ளை. அந்த வீட்டு நாற்றம் இன்னொரு தடவை எங்கள் வாழ்க்கையில் வேண்டாம் என்பது எங்கள் இருவருக்கும் எழுதாத சட்டம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், எப்படியாவது ஒரு காரணம் கிடைக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் நான் கிளம்பினேன். ஒற்றைப் பிள்ளையைக் கடல் தாண்டிக் கொடுத்துவிட்டு நான் சாத்தூரில் யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

என்னை ஏற்றிக்கொண்டு போனவர் ஏறாவூர்க்காரர், நளீம் என்று பெயர். எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் போகும் இடத்தைக் கேட்பார்கள். இவர் போகும் காரணத்தைக் கேட்டார். சொன்னேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் போனில் யாருக்கோ அதைச் சொல்லிவிட்டார். வழி முழுக்கத் தன் மூன்று மகள்களின் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, வாவிக்கரையில் ஓரிடத்தில் நிறுத்தினார். அதற்குமேல் தண்ணீர்தான்.

"இறங்கி நிழல்ல நில்லுங்கம்மா. பாதை அங்கால போய்ட்டு. இப்ப வந்திரும்," என்றார்.

"பாதை எங்க போகும்? நாமதான பாதையில போகணும்?"

"இல்லம்மா. பாதைதான் போகும். நாம அதுல ஏறி நிக்கிறதான்."

வெயில் என் தலையில் ஏறிவிட்டதா, அவர் தலையிலா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே பாதை வந்தது. இரும்புத் தளம் ஒன்று, அடியில் மிதவைகள், ஓரத்தில் ஓர் எஞ்சின். மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள், ஓர் ஆடு, அரிசி மூட்டை, எங்கள் ஆட்டோ எல்லாம் அதில் ஏறின. பாதை எங்களைச் சுமந்துகொண்டு புறப்பட்டது. நடு வாவியில் எஞ்சினில் ஏதோ செடி சிக்கி, இருமி இருமி நின்றுவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் மந்திரி வரைக்கும் திட்டியிருப்பார்கள். இங்கே யாரும் பதறவில்லை. ஒருவர் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டார். ஆடு படுத்துவிட்டது. ஓர் அம்மா தன் குடையை என் தலைக்கு மேல் நீட்டினார்.

"இந்தியாவில இரிந்து மாப்பிள பார்க்க வந்த அம்மாதானே?" என்றார் குடைக்காரம்மா. நளீம் வாவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் என்ன, பாதை முழுக்க நிரோசனுக்குச் சாட்சி சொல்லத் தொடங்கியது. சின்ன வயதில் அவனுக்கு வகுப்பெடுத்த ஒருவர் கணக்கில் புலி என்றார். சட்டையைத் தலையில் போட்டிருந்தவர், வாவிக்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாதவன் என்றார். "அதெல்லாம் கிடக்கட்டும். நல்ல குடிப் பொடியன் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம்," என்றார் குடைக்காரம்மா. சுற்றி இருந்தவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

ஊரே கூடி நின்று, நன்றாகக் குடிக்கிற பையன் என்று சிபாரிசு செய்கிறது. ஒருவர் முகத்திலாவது வெட்கம் இருக்க வேண்டுமே, இல்லை. எஞ்சின் திரும்பவும் இருமிக் கிளம்பியது. நான் அதற்குப் பிறகு கரை வரும்வரை யாரோடும் பேசவில்லை.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன், சம்பந்தப்பட்டவர்கள் படிப்பார்கள். வேலியோரம் தென்னை, முற்றத்தில் வெள்ளை மணல், ஓட்டு வீடு. நிரோசனின் அம்மா யோகேஸ்வரி வாசலுக்கு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க கா, வாங்க. வெயிலுக்கு வாடிப் போனீங்க." அக்கா என்பதைத்தான் மரியாதையாகச் சுருக்குகிறார் என்று மகிழ்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்ப் பசுமாட்டையும் "இஞ்சால வா கா" என்று கூப்பிட்டார். அவர் கணவர் தம்பிராசா நெல் விவசாயி, ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். மனைவி பேசி முடித்தால் பேசலாம் என்று காத்திருந்து காத்திருந்தே பேச்சுக் குறைந்தவர் போலிருந்தார்.

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் யோகேஸ்வரி ஆவலாகக் கேட்டார்: "நீங்க என்ன குடி கா?"

"டீ போதுங்க. சீனி கம்மியா," என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். சீனி கம்மியாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அன்றைக்குப் புட்டு, இறால் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், தேங்காய்ப் பாலில் சொதி. தட்டு நிறையப் போட்டுவிட்டு, "காணுமா?" என்று கேட்டார். எதைக் காணும் என்கிறார் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். என் கைப்பை இருந்தது. கண்ணாடி மூக்கில் இருந்தது. "எதையும் காணலையே," என்றேன். உடனே இன்னும் இரண்டு அகப்பை புட்டு விழுந்தது. மறுபடி, "காணுமா?" நான் மறுபடி, "காணலையே." மறுபடி புட்டு. என் சிரமத்தைப் பார்த்துத் தம்பிராசாதான் மெல்ல, "போதுமா எண்டு கேக்கிறா, தங்கச்சி. காணும் எண்டு சொல்லுங்க," என்றார். காணும் என்றேன். அதற்குள் நான் சாப்பிட்டது எங்கள் தெருவுக்கே போதும்.

மறுநாள் காலை தம்பிராசா என்னைத் தன் வயலுக்குக் கூட்டிப் போனார். இங்கே வயல்வெளியை வட்டை என்கிறார்கள். கையால் பிடித்து ஓட்டும் உழவு மெஷினுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியில் கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் நான். ஊர்வலம் போகிற உற்சவ அம்மனை நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பயந்த அம்மன். ஒரு வாய்க்கால் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது, அம்மனும் சாய்ந்தாள். சேறு, அதனால் எலும்புக்குச் சேதமில்லை. தம்பிராசா பதறிக் கைகொடுத்துத் தூக்கி, "இவட்டச் சொல்லிடாதீங்க தங்கச்சி," என்று கெஞ்சினார். மனைவிக்கு அப்படிப் பயப்படும் மனிதரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

வட்டையின் ஓரத்தில் காவல் குடிசை. கால் கழுவப் போனபோது கூரையில் ஒரு போத்தல் தொங்குவதைப் பார்த்தேன். அவர் அவசரமாக அதன்மேல் துண்டைப் போட்டார். "மாட்டுக்கு மருந்து," என்றார். மாடு எதையும் நான் அங்கே பார்க்கவில்லை. எனக்குச் சந்தேகம் ஊறத் தொடங்கியது.

மதியம் கழிந்து யோகேஸ்வரியோடு கூனி இறால் புடைத்துக்கொண்டிருந்தபோது, இனியும் பொறுப்பதில்லை என்று கேட்டுவிட்டேன். "ஒளிவுமறைவு வேண்டாங்க. உங்க பையனுக்குக் குடி உண்டா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இல்லாமலா? இதைத்தான் நானும் நேத்துக் கேட்டன், நீங்க சொல்லல்ல. நல்ல குடி கா. என்ட குடிதான் பிள்ளைக்கும்."

"உங்க குடியா?"

"ஓம். எங்கட அம்மாட குடி. அவட அம்மாக்கும் அதுதான். அப்பிடியே வழிவழியா வாறது."

"அப்ப உங்க வீட்டுக்காரர்?"

"அவர்ர குடி வேற. ரெண்டு பேரும் ஒரே குடியெண்டாக் கட்ட ஏலாதே."

இவர் ஒன்று, அவர் ஒன்று, வீட்டில் இரண்டு வகை இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். முறத்தைக் கீழே வைத்தேன். அவர் நிறுத்தவில்லை. "கோயில்லயும் எங்கட குடிக்குத்தான் முதல் மரியாதை," என்றார் பெருமையாக.

"கோயிலுக்குள்ளயேவா?"

"பின்ன? சாமிக்கு முன்னால கூப்பிட்டுத்தான் குடுப்பாங்க. உங்கட குடியைச் சொல்லுங்கவன் கா."

"எங்க வீட்டுல யாருக்கும் குடி கிடையாது," என்றேன் வெடுக்கென்று. "அந்தப் பேச்சே ஆகாது."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "குடியே இல்லையா? அப்ப பிள்ளைக்கு?"

"பொம்பளப் பிள்ளைக்கு ஏதுங்க குடி?"

"பொம்புளப் பிள்ளைக்குத்தானே கா குடியே," என்றார் அவர், அழப்போகிற குரலில்.

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். தேடி வந்த காரணம் கையில் கிடைத்துவிட்டது. பை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். சந்தோஷம்தான் வரவில்லை. இத்தனை அன்பான மனிதர்கள் இப்படியா இருக்க வேண்டும்? வித்யாவிடம் இதை எந்த வாயால் சொல்வேன்? போனில் அவள் பெயரைத் தேடி எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன், வைத்தேன். அன்று இரவு யோகேஸ்வரியும் சரியாகச் சாப்பிடவில்லை. "காணுமா?" என்று கேட்கவும் இல்லை.

அடுத்த நாள் மதியம் நண்டுக் குழம்பு. மூன்று பேரும் பேசாமல் நண்டை உடைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. என்னால் தாங்க முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து நின்று, கொட்டித் தீர்த்துவிட்டேன். "என் வீட்டுக்காரர் குடிச்சுக் குடிச்சே செத்தார். ஈரல் வீங்கி, என் மடியிலதான் போனார். அந்தக் குடியை நீங்க குலப்பெருமை மாதிரி பேசுறீங்க. அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, கோயில்ல சாமி முன்னாடி வேற. என் பொண்ணை நான் இந்த வீட்டுக்குத் தர மாட்டேன்."

யோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் தம்பிராசா எழுந்துவிட்டார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்க. எப்பவாவதுதான். வேலை முடிஞ்ச களைப்புக்கு ஒரு போத்தல் கள்ளு, அவ்வளவுதான். மகன்ட தலையில சத்தியம், அவன் தொட்டதே இல்ல. என்னால அவன்ட கலியாணத்தைக் குழப்பிப் போடாதீங்க."

"கள்ளா?" என்றார் யோகேஸ்வரி.

தம்பிராசாவுக்கு அப்போதுதான் தான் செய்துகொண்ட காரியம் புரிந்தது.

"மாட்டுக்கு மருந்தெண்டு வட்டைக்குள்ள கட்டி வைச்சிருக்கீங்களே, அதா?"

அவர் நண்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

"உங்களோட மறுகா கதைக்கிறன்," என்று கணவரைப் பிறகு கவனித்துக்கொள்ள ஒதுக்கிவிட்டு யோகேஸ்வரி என் பக்கம் திரும்பினார். "நான் எப்ப கா குடிக்கிறன் எண்டு சொன்னன்?"

"நீங்கதான சொன்னீங்க, உங்க அம்மா குடின்னு, அவங்க அம்மா குடின்னு?"

"ஐயோ, அது குடி கா. குடியெண்டா வம்சம். தாய் வழியில வாற வம்சம். ஒரே குடிக்குள்ள கட்டினா அண்ணன் தங்கச்சி கட்டின மாதிரி. அதுக்குத்தானே உங்கட குடியைக் கேட்டன். நீங்க குடியே இல்லையெண்டு சொல்ல, தாய் வழியே தெரியாத சனமா எண்டு எனக்கு விடியும்வரைக்கும் நித்திரையில்ல."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். குடி என்றால் குலம். வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, குடி, குலம், வம்சம் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். ஒப்பிக்காதவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் இது அவர்கள் காதுக்குப் போகாமல் இருக்கட்டும். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. யோகேஸ்வரி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தம்பிராசாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். மனைவி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் ஊரில் குலதெய்வம் கேட்போம், ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, பெண் கொடுக்க மாட்டோம் என்று விளக்கினேன். "அதுதான் கா குடி," என்று அவர் அதைத் தீர்த்துவைத்தார். ஆக எனக்கும் குடி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை.

அதற்குமேல் மறைத்து வைக்க எனக்குத் தெம்பும் இல்லை. "அம்மா, எனக்கு வித்யா ஒருத்திதான்," என்றேன். "அவளை இங்க அனுப்பிட்டு நான் அங்க தனியா எப்படி இருப்பேன்? அதான் எனக்குப் பயம். மத்ததெல்லாம் சாக்கு." சொல்லும்போதே அழுதுவிட்டேன். வேற்று வீட்டில், நண்டு ஓடுகளுக்கு நடுவில்.

யோகேஸ்வரி நான் என்னவோ புரியாத பாஷை பேசியதைப் போலப் பார்த்தார். "பிள்ளையை ஏன் கா இஞ்ச அனுப்போணும்?"

"கல்யாணம் ஆனா பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வரணும்தான?"

"எங்கட ஊருல பொம்புளப் பிள்ளை தாயை விட்டுப் போறல்ல. மாப்பிளதான் பொம்புள வீட்ட போற. இந்த வீடு என்ட அம்மா எனக்குத் தந்தது. இந்த மனிசனும் அப்பிடி வந்து ஏறினவர்தான்."

"ஒரு பெட்டியோட வந்தன்," என்றார் தம்பிராசா.

"மஸ்கட் வேலை முடிஞ்சா என்ட மகன் உங்கட ஊருக்குத்தான் வருவான், உங்களோடதான் இரிப்பான். உங்கட கையில அவனைத் தாறதுக்குத்தானே நான் இத்தன நாளும் உங்களையே பார்த்துக்கொண்டிரிக்கன். நல்ல மனிசியா, கோவக்காரியா, மருமகனைப் பசியோட விடாத ஆளா எண்டு."

நான் இவர்களைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறால் வைத்து, நண்டு வைத்து, காணுமா காணுமா என்று கேட்டு, இந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் ஒரே பிள்ளை.

"அவன் கோவம் வந்தாச் சாப்பிட மாட்டான் கா," என்றார் திடீரென்று. "ஒருக்காக் கூப்பிட்டா வர மாட்டான். அப்பிடியே விட்டுடாதீங்க. ரெண்டாந்தரமும் கூப்பிடுங்க. வந்திருவான்." அதைச் சொல்லி முடிக்க அவரால் முடியவில்லை. ஊரிலிருந்து நான் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த அழுகையை அவர் அழுதார்.

"ரெண்டாந்தரமும் கூப்பிடுவேன். மூணாந்தரமும் கூப்பிடுவேன்," என்றேன். பெண்ணைப் பெற்றவள் இப்படி வாக்குக் கொடுத்து எங்கள் பக்கத்தில் நான் கேட்டதில்லை.

அங்கேயே வைத்து வித்யாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பாள் போல. "சொல்லும்மா," என்றாள். குரலில் உயிர் இல்லை.

"எனக்குச் சம்மதம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கேளுடி. வருஷத்துக்கு ஒரு லீவுதான உங்களுக்கு? அந்த லீவுல முதல்ல இங்க வாங்க. இந்த அம்மாகூட இருந்துட்டு, அப்புறம் என்கிட்ட வாங்க."

"அம்மா, நீயா சொல்ற?"

நான் பதில் சொல்வதற்குள் யோகேஸ்வரி போனை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். "இல்ல மகள். முறையா அம்மாட்டத்தான் முதல் போகோணும். மறுகா இஞ்ச வாங்க, காணும்."

"அதெல்லாம் இல்ல, இங்கதான் முதல்ல," என்று நான் போனைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இரிங்க கா. நான் சொல்லுறன், அங்கதான்."

"நான் பொண்ணைப் பெத்தவ. நான் சொல்றேன், இங்கதான்."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ என்ன சத்தம் என்று கேட்டார்கள். "ஒண்டுமில்ல," என்றார் தம்பிராசா. "கலியாணம் சரி வந்திட்டு. ரெண்டு பேரும் சண்டை பிடிக்கத் தொடங்கிட்டாங்க."